கரண்டு போகாத காந்தத்துக்குள் ஸ்பின் எப்படிப் போகிறது?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மெயின் போர்டைச் சரிபார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி, வேலை முடிந்து காபி வரும்வரை மேசையில் கிடந்த இரண்டு காந்தங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய கறுப்பு வளையம். இன்னொன்று கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுத்த, வெள்ளி போல மின்னும் சின்ன வில்லை. கையில் மல்டிமீட்டர் இருந்தது. சும்மா பஸ்ஸரில் வைத்து இரண்டையும் தொட்டுப் பார்த்தார். மின்னுகிற வில்லை ‘பீப்’ என்று கத்தியது. கறுப்பு வளையத்திடம் சத்தமே இல்லை. இடம் மாற்றி வைத்தார். பிளேடால் லேசாகச் சுரண்டிவிட்டும் வைத்தார். ஊஹூம்.

“என்ன சார், காந்தம்லா இது? கத்த மாட்டேங்கு?”

“அது ஃபெரைட் அண்ணாச்சி. இரும்பு ஆக்சைடைப் பொடியாக்கி, அழுத்தி, சூளையில சுட்டு எடுக்கது. உங்க பழைய ஃபியூஸ் கட்டையில இருக்க பீங்கான் மாதிரின்னு வச்சுக்கோங்க. காந்தம் உண்டு, கரண்டு போகாது.”

“அப்ப இதுக்குள்ள ஒண்ணுமே போகாதா?”

காபி வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. இந்த நூற்றாண்டில் இயற்பியலில் ஒரு தனிப் பிரிவே அந்தக் கேள்வியின் மேல் வளர்ந்திருக்கிறது. அதன் பதில்: போகும். கரண்டு போகாது, ஸ்பின் போகும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் உலோகத்தில் இருந்து காந்தத்துக்குள் இறங்கி, உள்ளே பயணம் செய்து, மறுபக்கம் இன்னொரு உலோகத்தில் ஏறி வெளியே வரும். இவ்வளவுக்கும் எலக்ட்ரான் ஒன்றுகூட அந்தக் காந்தத்துக்குள் போவதில்லை. அது எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன். பிளஸ் டூ இயற்பியல் கொஞ்சம் நினைவிருந்தால் நல்லது, மறந்திருந்தாலும் பரவாயில்லை.

முதலில் ஸ்பின். எலக்ட்ரானிடம் இரண்டு சொத்து உண்டு. ஒன்று மின்னூட்டம், அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று ஸ்பின். பாடப்புத்தகத்தில் தற்சுழற்சி என்று இருக்கும். 1925இல் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் இதைச் சொன்னார்கள். எலக்ட்ரானைப் பம்பரம் போல நினைத்துக்கொண்டால் முதல் படிக்கு உதவும். ஆனால் பம்பரம் சுற்றிச் சுற்றித் தளர்ந்து சாய்ந்துவிடும். எலக்ட்ரானின் ஸ்பின் தளராது, கூடாது, குறையாது. இயற்கை சுழற்சியை அளப்பதற்கு வைத்திருக்கும் அலகில் அது எப்போதும் அரை. அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது மட்டுமே மாறும். ஒரு திசையை வைத்து அளந்தால் மேல் பார்த்தது அல்லது கீழ் பார்த்தது என்று இரண்டே விடைதான் வரும். மேல் என்றால் கூட்டல் அரை, கீழ் என்றால் கழித்தல் அரை. அப்படியானால் மேல் பார்த்த ஒன்று கீழே புரளும்போது மாற்றம் எவ்வளவு? சரியாக 1. இந்த 1 பின்னால் வேண்டியிருக்கும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்பின்னும் ஒரு குட்டிக் காந்தம். கோடானுகோடி ஸ்பின்கள் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அந்தப் பொருள் நமக்குக் காந்தமாகத் தெரிகிறது.

இப்போது ஸ்பின் ஓட்டம் என்றால் என்ன? காலை எட்டரை மணிக்குச் சுலோச்சன முதலியார் பாலத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1843இல் திறந்த பாலம், கீழே தாமிரபரணி. பாளையங்கோட்டையில் இருந்து ஜங்ஷன் பக்கம் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் 100 பேர் போகிறார்கள். அதே நேரம் எதிர்ப்பக்கத்தில் இருந்து நீலச் சட்டைப் பிள்ளைகள் 100 பேர் பாளையங்கோட்டைக்கு வருகிறார்கள். இரண்டு கரையிலும் தலைக்கணக்கு மாறவில்லை. ஆனால் ஜங்ஷன் பக்கம் வெள்ளை கூடிவிட்டது, பாளை பக்கம் நீலம் கூடிவிட்டது. ஆள் ஓட்டம் சுழி, நிறத்தின் ஓட்டம் உண்டு. எலக்ட்ரானிலும் அப்படித்தான். மேல் ஸ்பின்காரர்கள் ஒரு பக்கமும் கீழ் ஸ்பின்காரர்கள் எதிர்ப்பக்கமும் சமமாகப் போனால் மின்னூட்டம் எங்கும் நகரவில்லை. அம்மீட்டர் அசையாது. ஸ்பின் மட்டும் ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இது வரைக்கும் எலக்ட்ரான் நடந்து போய்த்தான் ஸ்பின்னைக் கொண்டுசேர்க்கிறது. நடக்கவே முடியாத இடத்தில் என்ன செய்யும்?

மின்கடத்தாப் பொருளில் எலக்ட்ரான்கள் அவரவர் அணுவோடு கட்டுண்டு கிடக்கின்றன. வேர் விட்டது போல. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிசானத்தில் பயிர் இடுப்பளவு வளர்ந்து கதிர் விடப்போகிற நாளில், சேரன்மாதேவி போகிற வழியில் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல் எதிலாவது வரப்பில் நின்று பாருங்கள். காற்று ஒரு மூலையில் பயிரைத் தொடும். பச்சை கொஞ்சம் வெளிறித் தெரியும். அந்த வெளிறல் ஓடத் தொடங்கும். நாலு வயல் தாண்டி உங்கள் காலடி வரை வந்து முட்டும். ஒரு நெல்லாவது நட்ட இடத்தை விட்டு நகர்ந்ததா? இல்லை. ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் நின்றபடியே தலை சாய்ந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான். ஓடியது சாய்வு.

அந்தக் கறுப்பு வளையம் மாதிரி காந்தமாகவும் இருந்து கரண்டையும் கடத்தாத பொருளைக் காந்தக் காப்பான் என்போம். அதற்குள் ஓடுவதும் சாய்வுதான். எல்லா ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிற இடத்தில், ஓரத்தில் ஒன்றைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் அது பம்பரம் தூங்கி முடிந்து தலையாட்டுகிற மாதிரி வட்டமடிக்கும். பக்கத்து ஸ்பின்னும் அதைப் பார்த்துச் சாயும், கொஞ்சம் பிந்தி. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் பிந்தி. இதுதான் ஸ்பின் அலை. வயலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வயலில் தள்ளுவது காற்று. காந்தத்தில் காற்று கிடையாது, பக்கத்து ஸ்பின்கள் ஒன்றோடொன்று கட்டுப்பட்டிருக்கின்றன. எல்லா நெற்கதிரையும் கழுத்தில் நூல் கட்டி அடுத்ததோடு இணைத்த மாதிரி. ஒன்றை இழுத்தால் மற்றது வந்துதான் ஆக வேண்டும்.

1930இல் பெலிக்ஸ் பிளாக் இந்த அலையைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒளியை ஃபோட்டான் என்ற பொட்டலங்களாக எண்ணுவது போல, இந்தச் சாய்வையும் பொட்டலங்களாக எண்ணலாம். ஒரு பொட்டலத்துக்கு மேக்னான் என்று பெயர். ஒரு மேக்னான் உண்டானால் காந்தத்தின் மொத்த ஸ்பின் எவ்வளவு குறையும் தெரியுமா? சரியாக 1. மேலே மனதில் வைக்கச் சொன்ன அதே 1.

சரி, உலோகத்துக்கு வருவோம். ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது பிளாட்டினம். நகைக்கடை மதிப்புக்காக இல்லை. அதன் அணு கனமானது, கருவில் 78 புரோட்டான்கள். அவ்வளவு கனமான கருவின் பக்கத்தில் ஓடுகிற எலக்ட்ரானுக்கு, அது ஓடுகிற திசையும் அதன் ஸ்பின்னும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. பிளாட்டினப் பட்டையில் நீளவாக்கில் கரண்டு விட்டால், ஒருவகை ஸ்பின் உள்ளவை மேற்பரப்புப் பக்கமும் எதிர்வகை அடிப்பரப்புப் பக்கமும் ஒதுங்குகின்றன. பாலத்துக்கே திரும்புங்கள். இந்த முறை எல்லாப் பிள்ளைகளும் ஒரே திசையில் போகிறார்கள். ஆனால் வெள்ளைச் சட்டைகள் இடது கைப்பிடிச் சுவர்ப் பக்கமும் நீலச் சட்டைகள் வலது பக்கமும் சாய்ந்து நடக்கிறார்கள். கூட்டத்தின் நெருக்கம் எங்கும் ஒரே மாதிரிதான். இடது சுவரோரம் பார்த்தால் மட்டும் வெள்ளை அதிகம்.

இதற்கு ஸ்பின் ஹால் விளைவு என்று பெயர். டியாகோனோவ், பெரெல் என்ற இரண்டு சோவியத் அறிஞர்கள் 1971இலேயே இது நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணால் பார்க்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதன் தலைகீழும் உண்டு: பிளாட்டினத்துக்குள் ஸ்பின்னை இறக்கினால் அது குறுக்குவாக்கில் வோல்டேஜாக மாறும். ஜப்பானில் எய்ஜி சைட்டோவின் குழு 2006இல் இதைப் பிளாட்டினத்தில் அளந்து காட்டியது. இந்தத் தலைகீழ் விளைவு இல்லையென்றால் இந்தத் துறையே இல்லை என்பது என் எண்ணம். ஏனென்றால் ஸ்பின்னை நேரடியாக அளக்க நம்மிடம் மீட்டர் கிடையாது. வோல்டேஜை அளக்க உண்டு.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். பிளாட்டினத்துக்குள் எலக்ட்ரான் தன் ஸ்பின் திசையை ரொம்ப தூரம் காப்பாற்றாது. சில நானோமீட்டருக்குள் மறந்துவிடும். அதனால்தான் பட்டையை அவ்வளவு மெல்லியதாக, பத்து நானோமீட்டர் அளவில் போடுகிறார்கள். அதற்கு மேல் தடிப்பு வைத்து ஆதாயம் ஒன்றும் இல்லை.

மதில் ஓரத்தில் நடப்பது

இனி, எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறோம். பட்டையின் அடிப்பரப்பில் ஒருவகை ஸ்பின் குவிந்து நிற்கிறது. அதற்குக் கீழே காந்தக் காப்பான். எலக்ட்ரானால் உள்ளே போக முடியாது. அப்புறம் எப்படி?

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் தோளுயரத்துக்கு ஒரு மதில் இருக்கிறது. சொதி வைத்த அன்று அம்மா கிண்ணத்தோடு மதிலோரம் போய், “ஏளா, இந்தா” என்பாள். அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு கை நீளும். கிண்ணம் மாறும். அம்மா இந்தப் பக்கமே நிற்கிறாள், பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பக்கமே நிற்கிறாள். மதிலைக் கடந்தது சொதி மட்டும்.

பிளாட்டினத்தில் ஓடும் எலக்ட்ரான் எல்லைச் சுவரில் முட்டித் திரும்பும்போது, அதன் குவாண்டம் அலையின் வால்நுனி ஒரு அணுத் தொலைவுக்கும் குறைவாகக் காந்தத்துக்குள் எட்டிப்பார்க்கும். அங்கே நிற்கும் இரும்பு அணுவின் ஸ்பின்னை அது தொடுகிறது. காந்தத்தின் ஸ்பின்கள் எல்லாம் மேல் பார்த்தவை என்று வைப்போம். வந்த எலக்ட்ரான் கீழ் பார்த்தது. தொட்ட இடத்தில் அது புரண்டு மேல் பார்த்ததாகிவிட்டால் அதன் கணக்கில் 1 கூடிவிட்டது. சும்மா கூட முடியாது. மொத்தச் சுழற்சிக் கணக்கு எப்போதும் நேராக நிற்க வேண்டும். எனவே காந்தத்தின் கணக்கில் 1 குறைய வேண்டும். காந்தத்தில் 1 குறைவது என்றால் ஒரு மேக்னான் பிறந்தது என்று அர்த்தம்.

இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நோட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தது நினைவிருக்கிறது. எலக்ட்ரான் வைத்திருப்பது அரை. அது புரண்டால் மாற்றம் 1. மேக்னானின் அளவும் 1. ஒரு புரட்டலுக்கு ஒரு மேக்னான், மிச்சமும் கிடையாது கடனும் கிடையாது. எலக்ட்ரான் தன் உலோகத்திலேயே இருக்கிறது, இரும்பு அணு தன் படிகத்திலேயே இருக்கிறது, சுழற்சி மட்டும் கை மாறிவிட்டது.

எதிர்ப்பக்கமும் நடக்கும். காந்தத்துக்குள் ஓடிவந்த மேக்னான் எல்லையில் மறைந்து, உலோகத்தில் மேல் பார்த்திருந்த எலக்ட்ரானைக் கீழே புரட்டிவிடும். கிண்ணம் திரும்பி வருகிற மாதிரி. அப்போது உலோகத்துக்குள் ஸ்பின் இறங்குகிறது, அதைத் தலைகீழ் ஸ்பின் ஹால் விளைவு வோல்டேஜாக மாற்றித் தருகிறது.

இந்தக் கைமாற்று எவ்வளவு தாராளமாக நடக்கிறது என்பதற்கு ஒரு அளவு உண்டு. ஸ்பின் கலப்புக் கடத்துதிறன் என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் பொருள் எளியது: எல்லையின் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு சுழற்சி மாறிக்கொள்ள முடியும் என்பதுதான். இது எல்லையின் சுத்தத்தைப் பொறுத்தது. தொடுகை ஒரு அணுத் தொலைவுக்குள் முடிந்துவிடுகிறது என்று சொன்னேன் அல்லவா? அதனால் இடையில் சாதாரண மின்காப்புப் படலம் ஒரு நானோமீட்டர் அளவுக்கு வந்துவிட்டாலே கைமாற்று ஏறத்தாழ நின்றுபோகும். பிளாட்டினம் படிய வைப்பதற்கு முன் காந்தத்தின் மேற்பரப்பை அமிலத்தில் கழுவுவதும் ஆர்கான் அயனிகளால் துடைப்பதும் இதற்காகத்தான். ஒரே படிகம், ஒரே பிளாட்டினம், ஆனால் கழுவியதற்கும் கழுவாததற்கும் சிக்னலில் பெரிய வேறுபாடு வரும். வியப்பான விஷயம், இடையில் வருகிற படலம் நிக்கல் ஆக்சைடு போலத் தானும் ஒரு காந்த ஒழுங்குள்ள காப்பானாக இருந்தால் ஸ்பின் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. உள்ளே நீட்டி வாங்க ஒரு கை இருக்கிறதா என்பதே கேள்வி.

இவ்வளவையும் ஒரே சோதனையில் பார்க்கலாம். 2015இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வான் வீஸ் குழு செய்தது இது. ஒரு காந்தக் காப்பான் படலம், அதன்மேல் ஒன்றையொன்று தொடாத இரண்டு பிளாட்டினப் பட்டைகள். முதல் பட்டையில் கரண்டு விட்டார்கள். இரண்டாவது பட்டையில் வோல்டேஜ் வந்தது. இரண்டுக்கும் நடுவில் மின்சாரத் தொடர்பு துளியும் கிடையாது. பட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். 40 மைக்ரான் தூரம் வரை சிக்னல் கிடைத்தது, ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பாதிப் பருமன். மேக்னான்கள் அறை வெப்பநிலையில் சுமார் 9 மைக்ரான் போவதற்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றன என்று கணக்கும் கிடைத்தது. பிளாட்டினத்தில் சில நானோமீட்டர், இங்கே அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். நடக்க முடியாத இடத்தில்தான் ஸ்பின் அதிக தூரம் போகிறது.

“முதல் பட்டை சூடாகி, அந்தச் சூடுதான் இரண்டாவதில் வோல்டேஜைத் தருகிறதோ?” என்று ஒரு சந்தேகம் வரலாம், நியாயமான சந்தேகம். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சூடு மாறுமா? மாறாது. சூட்டுக்குக் கரண்டின் திசை ஒரு பொருட்டில்லை. ஆனால் ஸ்பின்னுக்குத் திசை உண்டு: கரண்டைத் திருப்பினால் அடிப்பரப்பில் குவிகிற ஸ்பின் மாறும், இரண்டாவது பட்டையின் வோல்டேஜும் குறி மாறும். குறி மாறுகிற பகுதியையும் மாறாத பகுதியையும் தனித்தனியாகப் பிரித்து அளந்தார்கள். சூட்டினால் வருகிறதும் இருந்தது, ஸ்பின் கைமாற்றினால் வருகிறதும் இருந்தது. காந்தத்தின் திசையைச் சுழற்றியபோது இரண்டும் அதனதன் கணக்குப்படி ஏறி இறங்கின.

உவரி மணலும் ஒரு செயற்கைக் கல்லும்

அந்தக் காந்தக் காப்பான் எது என்று இன்னும் சொல்லவில்லை. இட்ரியம் அயர்ன் கார்னெட். ஆராய்ச்சிக்காரர்கள் செல்லமாக ‘யிக்’ என்பார்கள். இந்தப் பெயரில் உள்ள கார்னெட் நமக்குத் தெரிந்த கார்னெட்தான்.

உவரி, நவ்வலடி பக்கம் கடற்கரையில் நடந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அலை இழுத்துப் போட்ட இடத்தில் மணல் ஒரே நிறமாக இருக்காது. கறுப்புக் கோடு ஒன்று, அதன் ஓரத்தில் மாதுளை முத்துப் பொடித்துத் தூவினது போல ஒரு சிவப்புக் கோடு. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். ஒரு தடவை அந்த ஹார்ட் டிஸ்க் வில்லையைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போய்ச் சிவப்புக் கோட்டில் மெதுவாக இழுத்தேன். வெளியே எடுத்தபோது பையின் அடியில் மணிகள் மீசை போல ஒட்டியிருந்தன. பெரும்பாலும் கறுப்பு, நடுநடுவே சிவப்பு. வெள்ளை மணல் உதிர்ந்துவிட்டது. லென்ஸில் பார்த்தால் அந்தச் சிவப்பு மணி ஒவ்வொன்றும் தேய்ந்துபோன கண்ணாடித் துண்டு போல, உள்ளே வெளிச்சம் புகுந்து வருகிறது. காந்தத்தில் ஒட்டுகிற, வெளிச்சம் ஊடுருவுகிற கல்! அதற்குக் காரணம் அதில் இருக்கும் இரும்பு. ஆனால் அந்த இரும்பு ஸ்பின்களுக்குத் தமக்குள் ஒழுங்கு கிடையாது. காந்தம் பக்கத்தில் வந்தால் திரும்பும், போனால் கலைந்துவிடும்.

கார்னெட் என்பது ஒரு படிகத்தின் வீட்டு அமைப்பு. அதில் மூன்று விதமான அறைகள். கடற்கரைக் கல்லில் இரும்பு, அலுமினியம், சிலிக்கன் ஆளுக்கு ஒரு வித அறையில் குடியிருக்கின்றன. 1956இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெர்டோ, ஃபோர்ரா என்ற இருவர் அலுமினிய அறையிலும் சிலிக்கன் அறையிலும் இரும்பையே குடியமர்த்தி, பெரிய அறையில் இட்ரியத்தை வைத்த கார்னெட்டைக் காந்தம் என்று கண்டறிந்தார்கள். அதில் ஐந்து இரும்புக்கு மூன்று ஒரு வித அறையில், இரண்டு இன்னொரு வித அறையில். மூன்றும் ஒரு பக்கம் பார்க்கும், இரண்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும். கழித்தால் மிஞ்சுவது ஒன்று. அந்த ஒன்றின் பலம்தான் வெளியே காந்தமாகத் தெரிகிறது. 280 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இந்த ஒழுங்கு கலையாது, அதனால் வெயில் காலத்துத் திருநெல்வேலியிலும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் யிக்கை இவ்வளவு கொண்டாடுவதற்குக் காரணம் வேறு. அதில் ஒரு ஸ்பின்னைச் சாய்த்துவிட்டால் அது லேசில் ஓயாது. இரும்பு, நிக்கல் கலந்த உலோகக் காந்தத்தில் தலையாட்டம் சில பத்துச் சுற்றுகளில் அடங்கிவிடும். நல்ல யிக் படிகத்தில் ஆயிரக்கணக்கான சுற்று ஆடும். உலோகத்தில் சுதந்திரமாகத் திரிகிற எலக்ட்ரான்கள் அந்த ஆட்டத்தின் ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கின்றன. யிக்கில் திரிகிறவர்கள் யாரும் இல்லை. கரண்டு போகாமை இங்கே குறை இல்லை, அதுவே வரம்.

பிளாட்டினத்தை மேலே ஒட்டினவுடன் இந்த ஆட்டம் கொஞ்சம் சீக்கிரம் அடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போது விரலால் தொட்டால் ஓசை சீக்கிரம் தேய்கிற மாதிரி. மைக்ரோவேவ் கொடுத்து யிக்கைத் தலையாட்ட வைத்தால், அது தன் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக உலோகத்துக்குள் இறைக்கிறது. இந்த ஸ்பின் இறைப்பைச் செர்கோவ்னியாக், பிராடாஸ், பவர் மூவரும் 2002இல் கணக்காக எழுதினார்கள். எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தாலே எல்லையில் எவ்வளவு கைமாறுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. முதலாவது, உலோகத்தின் மின்தடையே பக்கத்தில் இருக்கும் காந்தத்தின் திசையைக் காட்டிக்கொடுக்கும். காந்தம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து, எல்லையில் குவிந்த ஸ்பின்னை அது விழுங்கிக்கொள்ளும் அல்லது அப்படியே திருப்பி அனுப்பும். திரும்பி வந்த ஸ்பின் ஓட்டம் தலைகீழ் விளைவால் கரண்டாக மாறி மூலக் கரண்டுக்குக் கை கொடுக்கும், தடை ஒரு பொடி குறையும். விழுங்கப்பட்டால் அந்த உதவி இல்லை, தடை ஒரு பொடி கூடும். வேறுபாடு பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கரண்டு முழுக்கப் பிளாட்டினத்துக்குள்ளேயே ஓடுகிறது, காந்தத்தைத் தொடவே இல்லை. இருந்தும் காந்தத்தைத் திருப்பினால் தடை மாறுகிறது. 2013இல் இதற்கு ஸ்பின் ஹால் காந்தமின்தடை என்று பெயர் வைத்தார்கள். கையில் ஒரு யிக் துண்டும் நல்ல மீட்டரும் கிடைத்தால் தொடக்கக்காரர் முதலில் செய்து பார்க்க வேண்டிய சோதனை இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, சூடு. காந்தக் காப்பானின் ஒரு பக்கத்தைச் சூடாக்கினால் அங்கே மேக்னான்கள் பெருகும், குளிர்ந்த பக்கத்துக்கு நகரும். குளிர்ந்த பக்கத்தில் பிளாட்டினம் இருந்தால் வோல்டேஜ் கிடைக்கும். ஸ்பின் சீபெக் விளைவு. உலோகக் காந்தத்தில் 2008இலும் காந்தக் காப்பானில் 2010இலும் ஜப்பானியர்கள் காட்டினார்கள். கிடைப்பது மைக்ரோவோல்ட் கணக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு “இனி சூடாகாத கம்ப்யூட்டர் வந்துவிடும்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். காந்தக் காப்பானுக்குள் கரண்டு இல்லாததால் அங்கே மின்சாரச் சூடு இல்லை, அது உண்மை. ஆனால் ஸ்பின்னை உள்ளே அனுப்பப் பிளாட்டினத்தில் கரண்டு விட வேண்டியிருக்கிறது, அது சூடாகிறது. இந்தப் பக்கம் கொடுத்ததில் அந்தப் பக்கம் கிடைப்பது மிகமிகச் சிறு பங்கு. எல்லையில் கைமாற்றைக் கூட்டினால்தான் அந்தப் பங்கு கூடும். அதனால்தான் இத்தனை ஆய்வகங்கள் அந்த ஒரு அணுத் தடிப்பு மதிலோரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

யிக் இல்லாமலும் முடியுமா? 2018இல் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஹேமடைட் படிகத்தில் இதே இரட்டைப் பட்டைச் சோதனையைச் செய்தது. ஹேமடைட் வெறும் இரும்பு ஆக்சைடு, துருவின் உறவு. அதில் ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதால் வெளியே காந்தம் ஏறத்தாழ இல்லை. அதற்குள்ளும் ஸ்பின் பத்துக்கணக்கான மைக்ரான் தூரம் போனது.

திசையன்விளையைத் தாண்டினால் வருகிற தேரிக்காட்டின் சிவப்பு நிறத்துக்குக் காரணமும் ஹேமடைட்தான். ஒவ்வொரு மணலின் மேலும் மெல்லிய பூச்சாக அது படிந்திருக்கிறது. தேரி மணலை அள்ளிப் பிளாட்டினம் பூசினால் ஸ்பின் ஓடாது, அதற்கு ஒரே ஒழுங்கில் வளர்ந்த முழுப் படிகம் வேண்டும். பொருள் மட்டும் அதேதான். அடுத்த தடவை அண்ணாச்சி வரும்போது மல்டிமீட்டர் முனையை வைத்துப் பார்க்கச் சொல்வதற்காக, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் தேரி மண்ணை அந்தக் கறுப்பு வளையத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.